எமில் போதோ சரித்திரம்

உலகிற்குப் பெரும்பயன் விளைத்தோர் யாவரும் பெருங்கல்லூரிகளிற் பயின்றவரல்லர். கிராமப் பாடசாலைக் கல்வியோடு நின்ற ஒருவர் வகுத்த குறிமுறையே, இன்று கம்ப்யூட்டர்கள் எழுத்தை அறியும் முறைக்கு முன்னோடியாயிற்று. அவர் பெயர் எமில் போதோ. அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

போதோ, 1845ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து ஓத்-மார்ன் ஜில்லாவிலுள்ள ஒரு சிற்றூரில், குடியானவர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். 1869ஆம் ஆண்டில் தந்தி இலாகாவில் ஊழியராக அமர்ந்தார். மறு ஆண்டு பிரஷ்யாவோடு மூண்ட யுத்தத்திலும் சேவை புரிந்து மீண்டார்.

அக்காலத்துத் தந்தியில் ஒரு குறையிருந்தது. மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து குறுகியும் மற்றோர் எழுத்து நீண்டும் நின்றது. மனிதன் கையோ கம்பியினும் மிக மெதுவாயது. ஆதலின் கம்பி பெரும்பொழுது வறிதே கிடந்தது. போதோ ஓய்வு நேரங்களில் இதனை ஆராய்ந்தார். எல்லா எழுத்தையும் ஐந்து அலகுகளால் அமைத்து, ஒவ்வோர் அலகிலும் மின்சாரம் உண்டு அல்லது இல்லை என வகுத்தார். எழுத்துக்கள் ஒரே அளவினவாகவே, சுழலும் கருவியொன்றால் ஒரே கம்பியைப் பலருக்கு முறைவைத்துக் கொடுத்தல் எளிதாயிற்று. ஊழியர் ஐந்து கட்டைகளைப் பியானோ வாசிப்பார்போல் இரு கைவிரல்களால் அழுத்தினர். 1874ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

ஐந்து அலகுகளால் ஆவன 32 குறிகளே. அவற்றுள் 26 எழுத்தும் 10 இலக்கமும் ஒருங்கே அடங்கா. ஆதலின், இனி வருவன எழுத்து, இனி வருவன இலக்கம் என அறிவிக்கத் தனிக் குறிகளை ஏற்படுத்தினார். சிறிய எழுத்துக்கு இடமே இல்லாது போயிற்று.

1877ஆம் ஆண்டில் பாரிசுக்கும் போர்தோ நகருக்குமிடையே இக்கருவி இயங்கியது; 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் பொற்பதக்கமும் கிடைத்தது. ஆயினும் துன்பங்களும் தொடர்ந்தன. உடன் தொழில் செய்த மிமோ என்பவர் இக்குறிமுறை தமதே என 1877இல் வழக்கிட்டார். முதலில் மிமோவுக்குச் சார்பாயிருந்த தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டது. 1890ஆம் ஆண்டு ஜனவரியில் மணந்த மனைவியார் மூன்றே மாதங்களில் இறந்தார். நெடுநாள் நோயும் அவரை வருத்திற்று. 1903ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி, பாரிஸை அடுத்த ஸோ என்னும் ஊரில், தமது 57ஆம் வயதிற் காலமானார்.

அவரது ஐந்தலகுச் சிக்கனம் அவரோடு மறையவில்லை. டொனால்ட் மர்ரே என்பவர் அதனைத் திருத்தி அச்சுத் தந்திக்கு ஆக்கினார். 1949ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கம்ப்யூட்டர் ஐந்து துளை நாடாவையே பயன்படுத்தியது. 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியும், ஆறலகு இயந்திரத்திற்கு இயையப் பெரிய எழுத்துக்களாலேயே எழுதப்பட்டது. ஏழலகுடைய ஆஸ்கி முறையில் 1967ஆம் ஆண்டிற் சிறிய எழுத்துக்கள் நிலைபெற்றன. அம்முறையில் பெரிய 'ஏ' 65. சிறிய 'ஏ' 97. இரண்டிற்கும் வேற்றுமை ஓரலகே. அவ்வேற்றுமையைப் பாராட்டாது இரண்டையும் ஒரே பெயராகக் கொள்ளும் கம்பைலர்கள் உள. பாஸ்கல் மொழியினது அத்தகையது. சி மொழியின் கம்பைலரோ அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். எழுதுவோன் இதனை மறந்தால் நிரல் பிழைபடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதமில்லை. எனினும் யூனிகோட் முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பு, கால் எனப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது இயந்திரத்திற்கு இரண்டாகும். தமிழ்ப் பெயர்களை ஏற்கும் பைதான் மொழி, 2008ஆம் ஆண்டு வெளியான மூன்றாம் பதிப்பு முதல், இவ்விரண்டையும் ஒருமைப்படுத்திய பின்னரே ஒப்பிடுகின்றது.

தந்தியின் வேகத்தை அளக்கும் அலகு இன்றும் போதோவின் பெயரால் வழங்குகின்றது. குறைந்த கருவியும், குறைந்த ஓய்வும், குன்றிய உடல்நலமும் உடையவராயிருந்தும் எடுத்த காரியத்தை அவர் விடவில்லை. மாணவ நண்பர்காள், வசதி வரும்வரை காத்திராது இருப்பது கொண்டு தொடங்குதலை நாம் அவர்பாற் கற்போமாக.