பல துறையும் ஒரு வீணையும்

1954ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தாரின் ‘அந்த நாள்’ வெளிவந்தபோது அதில் ஒரு பாடல்கூட இல்லை. பாட்டின்றேல் படமில்லை என்றிருந்த காலம் அது. ஜப்பானியக் குண்டு சென்னையில் விழுந்த 1943ஆம் ஆண்டுச் சூழலில், சுட்டுக் கொல்லப்பட்ட வானொலிப் பொறியாளன் ஒருவனின் கதையை, அவனை அறிந்த ஒவ்வொருவர் நோக்கிலும் மாற்றி மாற்றிச் சொன்ன படம். சிவாஜி கணேசன் அப்பொறியாளனாக நடித்தார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை அமைத்தார். பாட்டை விலக்கிய இயக்குநர் இசையறியாதவராயின் வியப்பில்லை. அவரோ பிற்காலத்தில் வீணை என்ற சொல்லையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்ற எஸ். பாலசந்தர்.

இசைவாணர் ஒருவர் தம் படத்தில் இசைக்கு இடம் மறுத்தது ஏன்? அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இக்கேள்வியே நல்ல வாயில். கதை பாட்டைக் கேட்கவில்லை. ஆதலின் அவர் கொடுக்கவில்லை. ஒரு துறைக்குள் நுழைந்தால் அத்துறையின் நியாயத்துக்கே கட்டுப்படுவது அவர் இயல்பு. ஒன்றில் பெற்ற புகழை இன்னொன்றில் செலவிடும் வழக்கம் அவரிடம் இல்லை.

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை வி. சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், இசைப்பித்தர். பாபநாசம் சிவன் போன்றோர் வந்துபோன மயிலாப்பூர் இல்லம் அது. 1934இல் வெளியான ‘சீதா கல்யாணம்’ படத்தில் தந்தை ஜனகராகவும், தமையன் ராஜம் இராமனாகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். இராவணன் அவையின் இசைஞருள் ஒருவனாகச் சிறுவன் பாலசந்தரும் அமர்ந்திருந்தான். ஒரு குடும்பமே ஓர் இதிகாசத்தைப் பங்கிட்டுக்கொண்டது போன்ற விந்தை அது.

கஞ்சிரா முதலில் கைக்கு வந்தது. பின்னர் தபலா, ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எதற்கும் முறையான ஆசான் இல்லை. கேட்டும் பார்த்தும் தாமே தடவிக் கற்றார். வளரிளம் பருவத்திலேயே சென்னை வானொலியில் கலைஞராகப் பணியாற்றினார். சதுரங்கத்திலும் தேர்ந்த கை. இவற்றைப் பலர் மேதைமை என்று வியந்து நிறுத்திவிடுவர். வியப்பு ஒன்றையும் விளக்காது. பிறர் கைபிடித்து அழைத்துச் செல்வதை அவர் மனம் ஏற்கவில்லை என்பதே இப்பட்டியலுக்குள் ஊடும் இழை. புதிய கருவி என்பது ஆசானற்ற புதிய நிலம். அங்கே முதல் அடியும் தன் அடி, பிழையும் தன் பிழை.

திரைப்படம் அவரைப் பற்றி இழுத்ததற்கும் இதுவே காரணமாகலாம். நடிப்பு, இயக்கம், இசை மூன்றையும் ஒருவரே ஆளக்கூடிய களம் அது. 1948இல் ‘இது நிஜமா’வில் இரட்டை வேடமேற்று நடித்து இசையும் அமைத்தார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தை இயக்கினார். ‘கைதி’, ‘அவன் அமரன்’, ‘அவனா இவன்’ என்று தொடர்ந்தன. 1964இல் வந்த ‘பொம்மை’யில் தயாரிப்பும் இயக்கமும் இசையும் அவருடையன, நடிக்கவும் செய்தார். படத்தின் முடிவில் உடன் உழைத்தோரை அவரே திரையில் தோன்றி அறிமுகம் செய்வதைப் பார்த்தவர் மறவார். எல்லாவற்றையும் தாமே செய்ய விழைந்த மனிதர் எத்தனை பேரை நம்பி நின்றார் என்பதை அக்காட்சியே சொல்லிவிடுகிறது. திரைப்படம் எவ்வளவு ஆண்டாலும் ஒருவர் கைக்குள் அடங்காத பொருள். விளக்கேற்றுபவரும் வெட்டி ஒட்டுபவரும் விநியோகிப்பவரும் அதில் பங்காளிகள். ‘நடு இரவில்’ எடுத்து முடித்தும் 1970இல்தான் வெளிவந்தது. அதன்பின் அவர் படம் இயக்கவில்லை.

வீணை எவருக்கும் காத்திருப்பதில்லை. இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்க, நான்கு தந்திகள் மேலே, மூன்று பக்கத்தே. மெட்டுக்கு ஒரு சுரம் என்பது பாலபாடம். பாலசந்தரோ தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல சுரங்களை வரவழைத்தார். மீட்டல் ஒன்று, அதன் கார்வை தேய்வதற்குள் சுரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக வழுக்கி எழும். குரல் செய்வதை நரம்பு செய்ய வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். சிதாரில் பழகிய கை இதற்குத் துணை நின்றது என்போர் உண்டு; மரபு வீணைக்கு இது பொருந்தாது என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. நடிகனின் இடைநிறுத்தமும் இயக்குநனின் காலக்கணக்கும்கூட அவ்வாலாபனையில் வந்து சேர்ந்தன எனலாம். விட்டுவந்த துறைகள் அவரை முற்றும் விட்டுப் போகவில்லை.

தமையன் எஸ். ராஜத்தை இங்கு நினைக்காதிருத்தல் இயலாது. அவரும் நடித்தார், பாடினார், ஓவியம் தீட்டினார். சங்கீத மும்மூர்த்திகளை இன்று நாம் மனத்தில் காணும் உருவம் பெரிதும் அவர் தூரிகை தந்தது. ராஜம் பாட்டையும் தூரிகையையும் அருகருகே வைத்து அமைதியாக வாழ்ந்தார். இளையவருக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை. ஒன்றைப் பற்றினால் மற்றதைக் கைவிட வேண்டியிருந்தது. செய்யுளும் உரைநடையும் நாடகமும் மாறிமாறி எழுதும் கவிஞர் இவ்விருவருள் தாம் யார் பக்கம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தன்னுறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. தாமே கண்டதன்றி வேறெதையும் நம்பாத மனம் வழக்காடாமல் இராது. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் குறித்து அவர் எழுப்பிய ஐயம் இசையுலகில் பெரும்பூசலாயிற்று. வாசிப்புக்கு உரிய நாட்கள் பல வாதத்தில் கழிந்தன என்பது வருந்தத்தக்கதே. ஆயினும் 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து 12 இசைத்தட்டுகளில் நிறுத்தியதும் அதே பிடிவாதம்தான். நண்பருக்கெனச் சில, சபைக்கெனச் சில என்று தெரிந்தெடுக்காமல், எவரும் தொடத் தயங்கும் விவாதி மேளங்களையும் அவர் விடவில்லை.

1982இல் பத்மபூஷண் விருது வந்தது. 1990 ஏப்ரல் 13 அன்று, சென்னையிலிருந்து வெகுதொலைவில், பிலாய் நகரில் காலமானார். கச்சேரிக்காகச் சென்றிருந்தார்.