ஒளிக்கு நாணிய தாரகை லில்லி எல்சி

ஏழாம் எட்வர்டு மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான காலம், இங்கிலாந்தின் நாடக வரலாற்றில் இசை நகைச்சுவை நாடகங்கள் செழித்தோங்கிய காலமாகும். பாட்டும் ஆட்டமும் எளிய காதற்கதையும் புதுப்பாணி உடைகளும் இணைந்த அந்நாடகங்கள் இலண்டன் அரங்குகளை இரவுதோறும் நிறைத்தன. அவற்றால் பெரும்புகழ் எய்திய நடிகையருள் ஒருவர் லில்லி எல்சி. புகழ் அவரைத் தேடி வந்தது. அவரோ அதனின்று ஒதுங்கி வாழவே விழைந்தார். இம்முரணே அவர்தம் வாழ்க்கை.

யார்க்சயரின் ஆம்லி என்னும் ஊரில் 1886 ஏப்ரல் 8ஆம் நாள் பிறந்த எல்சி, 'சின்ன எல்சி' என்னும் பெயரில் குழந்தை நடிகையாக மான்செஸ்டர் மேடைகளில் அறிமுகமானார். இயல்பிலேயே மிகுந்த கூச்சம் உடையவர். எனினும் பிழைப்பு மேடையிலேயே அமைந்தது. 1903இல் 'எ சைனீஸ் ஹனிமூன்' நாடகத்தில் இளவரசி சூசூவாக நடித்தார். பின்னர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் நடத்திய டேலிஸ் அரங்கில் சேர்ந்து, சிறு வேடங்கள் பல ஏற்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட 'தி சிங்கலீ'யும் அவர் நடித்த நாடகங்களுள் ஒன்று.

திருப்பம் 1907இல் வந்தது. வியன்னாவில் 1905இல் அரங்கேறிய பிரான்ஸ் லேஹாரின் 'மெர்ரி விடோ' நாடகத்தை எட்வர்ட்ஸ் இலண்டனுக்குக் கொணர்ந்தார். தலைவி வேடத்திற்கு எல்சியைத் தேர்ந்து, செருமானிய மொழி நாடகத்தைக் காணவும் அழைத்துச் சென்றார். தம் மெல்லிய குரல் அவ்வேடத்திற்குப் போதாது என அஞ்சித் தயங்கினார் எல்சி. எட்வர்ட்ஸ் விடவில்லை. சூன் 8ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. 778 முறை நிகழ்ந்தது. குரலின் வன்மையைவிட நளினமும் அடக்கமான நடிப்புமே அவையோரைக் கவர்ந்தன. லூசீல் வடிவமைத்த அகன்ற தொப்பி அந்நாடகத்தின் பெயராலேயே ஊரெங்கும் பரவியது.

அரங்கிற்குச் செல்லாதாரும் அவர் முகத்தை அறிந்திருந்தனர். முகவரியையும் செய்தியையும் அஞ்சலட்டையின் ஒரே பக்கத்தில் எழுத 1902இல் இங்கிலாந்து அஞ்சல் துறை இசைந்தது. மறுபக்கம் முழுவதும் படத்திற்கு உரியதாயிற்று. அரைப் பென்னி அஞ்சல் தலையுடன் எல்சியின் உருவம் வீடுதோறும் சென்றது. அறியாதோர் பார்வைக்கு நாணியவரின் முகம் அறியாதோர் கைகளிலெல்லாம் தவழ்ந்தது.

'டாலர் பிரின்சஸ்', 'கவுண்ட் ஆஃப் லக்சம்பர்க்' ஆகியவற்றிலும் வெற்றி கண்ட எல்சி, 1911இல் செல்வரான இயன் புல்லோவை மணந்து மேடையைத் துறந்தார். அப்போது அவருக்கு அகவை 25. தேடிய அமைதி மணவாழ்விலும் நிலைக்கவில்லை. இடையிடையே மேடைக்குத் திரும்பியவர், 1928இல் ஐவர் நோவல்லோவின் 'ட்ரூத் கேம்' நாடகத்தோடு நடிப்பை நிறுத்தினார். 1930இல் மணவிலக்கு நேர்ந்தது. பின்னாளில் உடல்நலிவும் மனநலிவும் வருத்த, மருத்துவ இல்லங்களில் நெடுங்காலம் கழித்தார். 1962 திசம்பர் 16ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

அவர் புகழ்பெற்ற டேலிஸ் அரங்கு 1937இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அஞ்சலட்டைகளில் மட்டும் அம்முகம் இன்றும் மூப்பின்றி நிற்கின்றது. அவ்வழகை வியப்போர், அதனைச் சுமந்த உள்ளத்தின் தனிமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைஞருக்குச் செய்யும் முழுமையான மரியாதை அதுவே.