முறை வைத்துக் கற்ற உமர் (ரலி)

மனைவி மக்கள் என்று ஆகிவிட்ட பின் ஓதுவதும் படிப்பதும் இயலாத காரியம் என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். பிழைப்பு ஒரு பக்கம் இழுக்கிறது. குடும்பப் பொறுப்பு மறு பக்கம் இழுக்கிறது. இடையில் கிதாபைத் திறப்பதற்கு நேரமேது என்று அவர்கள் பெருமூச்செறிகின்றனர். இத்தகையோர் இஸ்லாத்தின் இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்வை ஊன்றி நோக்குதல் வேண்டும். அன்னாரை நீதி வழுவா ஆட்சியாளராக நாம் அனைவரும் அறிவோம். நடு வயதில் கல்வி தேடிய மாணவராக அறிந்தவர் எத்துணை பேர்?

கி.பி. 584ஆம் ஆண்டளவில், மக்காவின் குறைஷிக் குலத்தில், பனூ அதீ கிளையில் உமர் (ரலி) அவர்கள் பிறந்தார்கள். இளமையில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தார்கள். பின்னர் வணிகத்தில் ஈடுபட்டார்கள். எழுதப் படிக்க அறிந்தோர் மிகச் சிலரே இருந்த அந்நாளில், அச்சிலருள் அவர்களும் ஒருவர். எனினும் மார்க்கக் கல்வி அவர்களைத் தேடி வந்தது இளமை கடந்த பின்னரே. நபித்துவத்தின் ஆறாம் ஆண்டில் அவர்கள் ஈமான் கொண்டார்கள். கி.பி. 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது அவர்களுக்கு வயது ஏறத்தாழ நாற்பது. மனைவியும் மக்களும் உள்ள குடும்பத் தலைவர்; சொந்த ஊரை விட்டு வந்து, புதிய ஊரில் பிழைப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை.

மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் அவர்கள் குடியிருந்தார்கள். மஸ்ஜிதுன் நபவீ அங்கிருந்து சில மைல் தொலைவு. அதுவோ அல்லாஹ்வின் திருவேதம் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருந்த காலம். பெருமானார் (ஸல்) அவர்களின் சபைக்கு ஒரு நாள் செல்லத் தவறினால், அன்று இறங்கிய வசனத்தையும் அன்று கூறப்பட்ட விளக்கத்தையும் இழக்க நேரும். நாள்தோறும் சென்றாலோ, வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

இச்சிக்கலுக்கு உமர் (ரலி) அவர்கள் கண்ட வழி மிக எளியது. அண்டை வீட்டிலிருந்த அன்ஸாரித் தோழர் ஒருவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் இவர் நபியவர்களின் சபைக்குச் செல்வார். அவர் தம் வேலையைக் கவனிப்பார். மறுநாள் அவர் செல்வார். இவர் தம் பிழைப்பைக் கவனிப்பார். அன்றன்று இறங்கிய வஹீயையும் ஏனைய செய்திகளையும், சென்று வந்தவர் மற்றவரிடம் விடாமல் ஒப்புவித்தல் வேண்டும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலின் கல்விப் பகுதியில், முறை வைத்துக் கல்வி கற்பதற்கெனத் தனிப் பாடமே வகுத்து இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள்.

இதில் அடங்கியுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். பிறருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்னும் பொறுப்போடு கேட்பவன் கவனம் சிதறாமல் கேட்கின்றான். திரும்பச் சொல்லும்போது, கேட்டது அவன் நெஞ்சில் வேரூன்றுகின்றது. ஆகவே பாதி நாட்கள் சபைக்குச் செல்லாதிருந்தும் அவ்விருவரின் கல்வி பாதியாகிவிடவில்லை.

குடும்பமும் உமர் (ரலி) அவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தது. பெண்டிர் எதிர்த்துப் பேசுதலைக் குறைஷியர் பழகியிருக்கவில்லை. மதீனாவிலோ பெண்கள் தம் கருத்தைத் துணிந்து கூறுவர். அதனைக் கண்ட உமர் (ரலி) அவர்களின் துணைவியாரும் ஒரு நாள் அவர்களுக்கு மறுமொழி கூறினார். அவர்கள் சினந்தார்கள். பெருமானாரின் துணைவியரே பெருமானாரிடம் மறுமொழி பேசுவதுண்டு என அம்மாதரசி எடுத்துக் கூறவும், உமர் (ரலி) அவர்கள் திடுக்கிட்டு, நபியவர்களின் துணைவியருள் ஒருவரான தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விரைந்து சென்று விசாரித்தார்கள். அது உண்மையெனத் தெரிந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தாரிடம் காட்டிய பொறுமையை அவர்கள் அறிந்துகொண்டது இவ்விதமே.

பின்னொரு நாள், அன்ஸாரித் தோழரின் முறை. சென்றவர் இரவில் திரும்பி, கதவைப் பலமாகத் தட்டினார். கஸ்ஸானியர் படையெடுத்து வந்துவிட்டனரோ என உமர் (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். நபியவர்கள் தம் துணைவியரைத் தலாக் செய்துவிட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டதைக் கூறினார். பொழுது புலர்ந்ததும் உமர் (ரலி) அவர்கள் சென்று, சுபுஹுத் தொழுகையை நபியவர்களுடன் தொழுது, பின்னர் நேரில் கேட்டுத் தெளிந்தார்கள். தலாக் எதுவும் இல்லை; ஒரு மாதம் விலகியிருத்தலே என்பது தெரிய வந்தது. பிறர் வாயிலாகக் கற்பதில் பிழை நேரக்கூடும். அதனை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் மாணவனின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அவர்கள் அவசரப்பட்டுக் கற்றவர்களும் அல்லர். பகரா அத்தியாயம் ஒன்றை மட்டும் பொருளும் சட்டமும் அறிந்து கற்று முடிக்க அவர்களுக்குப் 12 ஆண்டுகள் ஆயின என்றும், முடித்த நாளில் ஓர் ஒட்டகம் அறுத்து நன்றி செலுத்தினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு.

ஹிஜ்ரி 13ஆம் (கி.பி. 634) ஆண்டில் கலீஃபாவான பின்னும் அவர்கள் மாணவராகவே இருந்தார்கள். ஒரு முறை அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலில் நின்று மும்முறை அனுமதி கோரி, மறுமொழி வராமையால் திரும்பிவிட்டார்கள். காரணம் வினவியபோது அது நபிமொழி என்றார்கள். கலீஃபா அதற்குச் சாட்சி கேட்டார்கள். அன்ஸாரிகளின் சபையிலிருந்த எல்லோரிலும் இளையவரான அபூஸயீத் அல் குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சியளித்தார்கள். கடைவீதி வணிகம் தம்மைப் பராக்காக்கியதால் இது தமக்குத் தெரியாமற் போயிற்று என்று கலீஃபா தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். பேரரசின் தலைவர் ஓர் இளைஞர் முன்னிலையில் தம் அறியாமையை ஒப்புக்கொள்வதெனில், அஃது எளிதான காரியமா?

பத்ருப் போரில் கலந்துகொண்ட முதியோர் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்திக் கருத்துக் கேட்டவர்களும் அவர்களே. படைக்குச் சென்ற கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் துயரை இரவு நேரச் சுற்றின்போது செவியுற்று, பெண்கள் எத்துணை காலம் பிரிவைத் தாங்குவர் எனத் தம் மகளாரிடமே கேட்டறிந்து, அதற்கேற்பப் படைவீரர்களுக்குத் தவணை வகுத்தவர்களும் அவர்களே. பெற்ற மகளிடம் கேட்டுக் கற்பதை அவர்கள் இழுக்காகக் கருதவில்லை.

தலைமைப் பொறுப்பு வருமுன் கற்றுக்கொள்ளுமாறு அவர்கள் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். இதனை எடுத்தெழுதும் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள், தலைமை வந்த பின்னும் கற்க வேண்டும் என்பதைச் சேர்த்து, நபித்தோழர்கள் முதிய வயதிலும் கல்வி கற்றதை நினைவூட்டுகின்றார்கள்.

ஹிஜ்ரி 23ஆம் (கி.பி. 644) ஆண்டின் இறுதியில், சுபுஹுத் தொழுகையில் குத்துண்டு படுக்கையில் இருந்தபோதும், தரையில் இழுபட்ட ஆடையோடு சென்ற இளைஞரொருவரை அழைத்து, அதை உயர்த்திக் கட்டுமாறு கனிவுடன் கற்பித்தார்கள். தம் கடனைக் கணக்கிட்டு அடைக்குமாறு மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். கல்வியும் குடும்பக் கடமையும் இறுதி வரை அவர்களிடம் இணைந்தே நின்றன.

நாள் முழுவதும் கிட்டவில்லையே என வருந்தி, கிட்டும் நாழிகையையும் நழுவ விடுவோர் உமர் (ரலி) அவர்களின் அவாலி வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு நாள் பிழைப்புக்கு, ஒரு நாள் கல்விக்கு. கணவர் ஓதும் வேளையில் மனைவி வீட்டைப் பார்க்கலாம். மனைவி ஓதும் வேளையில் கணவர் பிள்ளைகளைப் பார்க்கலாம். இரவில் இருவரும் கற்றதைப் பகிர்ந்துகொள்ளலாம். முறை வைத்துக்கொள்ள மனமிருந்தால் நம் வீட்டிலும் வழி பிறக்கும்.

வல்ல அல்லாஹ், நம் அனைவருக்கும் இறுதி மூச்சு வரை கற்கும் ஆர்வத்தையும், இல்லத்தாரின் உரிமைகளைப் பேணும் நற்பண்பையும் வழங்கி அருள் புரிவானாக! ஆமீன்.