ஜெயித்தவர் கட்டிய 700 பவுன்

சார்லஸ் டிக்கன்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் பெயரை நம் அங்கத்தினர்களில் அநேகர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய எழுத்தின் சிறப்பைக் கற்றவர்கள் சொல்லட்டும். நாம் வியாபாரிகள். கோர்ட்டில் ஜெயித்தும் அவர் நஷ்டப்பட்ட கணக்கை இங்கே பார்ப்போம்.

டிக்கன்ஸ் 1812-ல் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். 1824-ல் அவருடைய தகப்பனார், ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுன் சொச்சத்துக்காக லண்டனில் கடன் சிறைக்குப் போனார். 12 வயதுப் பையன், பூட்ஸ் மைப் புட்டிகளுக்கு லேபில் ஒட்டும் கூலிக்காரனானான். பிறகு வக்கீல் குமாஸ்தாவாகவும், கோர்ட் நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எழுதுபவராகவும் இருந்தார். கடனும் கோர்ட்டும் இன்னதென்று அறியாதவரல்ல அவர்.

1843 டிசம்பரில் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்ற அவருடைய சிறு கதைப் புத்தகம் வெளிவந்தது. அச்சுச் செலவெல்லாம் அவர் பேரில் பற்று எழுதப்படும் என்பது ஏற்பாடு. வர்ணப் படங்களும் தங்கப் பூச்சும் வைத்து, விலை 5 ஷில்லிங் மட்டுமே போட்டார்கள். சில நாட்களில் 6000 பிரதிகள் விற்றுப்போயின. ஆயிரம் பவுன் வருமென்று எண்ணியிருந்தவர் கைக்கு வந்தது 230 பவுன்தான்.

அந்த மன வருத்தம் ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தது. 1844 ஜனவரியில் லீ, ஹாடக் என்பவர்களின் மலிவுப் பத்திரிகை அதே கதையைச் சுருக்கி, வார்த்தைகளை மாற்றி, 2 பென்ஸுக்கு விற்றது. அசல் விலையில் இது முப்பதில் ஒரு பங்கு! டிக்கன்ஸ் உடனே சான்செரி கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கினார்.

எதிராளிகள் சொன்ன சமாதானம் வேடிக்கையானது. நாங்கள் கதையைத் திருத்திச் செம்மைப்படுத்தினோம், புதிதாக ஒரு பாட்டும் சேர்த்தோம் என்றார்கள். முன்பு இவருடைய வேறு இரண்டு நாவல்களைச் சுருக்கி வெளியிட்டபோது சும்மா இருந்தவர், இப்போது ஏன் வருகிறார் என்றும் கேட்டார்கள். நீதிபதி நைட் புரூஸ் இதை ஏற்கவில்லை. டிக்கன்ஸின் வக்கீல் பேசவே அவசியமின்றி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

வெற்றிதான். ஆனால் எதிராளிகள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். நஷ்ட ஈடும் இல்லை, செலவுத் தொகையும் இல்லை. டிக்கன்ஸ் தம் கையிலிருந்து சுமார் 700 பவுன் கோர்ட் செலவு கட்டினார். அதாவது, புத்தகத்தின் முதல் 6000 பிரதிகளில் வந்த லாபத்தைப் போல் மூன்று மடங்கு!

1846-ல் மறுபடியும் அவர் எழுத்தைத் திருடினார்கள். கோர்ட்டுக்குப் போவதைவிடத் திருட்டைப் பொறுப்பதே மேல் என்று இருந்துவிட்டார். 1852-ல் தொடங்கி 1853-ல் முடித்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில், சான்செரி வழக்கொன்றில் சொத்து முழுவதும் செலவிலேயே கரைந்துபோவதாக எழுதினார். 1870-ல் காலமானார்.

நியாயம் நம் பக்கம் இருந்தால் உரிமையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. டிக்கன்ஸ் போனதால்தான் அந்தத் திருட்டு விற்பனை நின்றது. ஆனால் வழக்குப் போடுமுன் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும். நம் பக்கம் நியாயம் உண்டா என்பது ஒன்று. ஜெயித்தால் கொடுக்க எதிராளியிடம் ஏதாவது உண்டா என்பது மற்றொன்று. டிக்கன்ஸ் முதல் கணக்கில் தவறவில்லை. இரண்டாவது கணக்குத்தான் அவருக்கு 700 பவுன் பிடித்தது.