செந்நிறக் குருவும் அவர்தம் மாணவியரும்

இன்று உலகெங்கும் வயலின் பயில்வோர் விரும்பிக் கற்கும் இசைக்கோவைகள் பல, பெற்றோர் அற்ற சிறுமியருக்காகவே எழுதப்பட்டவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவற்றை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரே அந்தோனியோ விவால்டி.

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அவர் பிறந்தார். புனித மாற்கு ஆலயத்தில் வயலின் வாசித்த தந்தையே அவருக்கு முதல் ஆசான். 1703இல் குருப்பட்டம் பெற்றார். தலைமுடி செந்நிறமாக இருந்ததால் மக்கள் அவரைச் செந்நிறக் குரு என்று அழைத்தனர். பிறவி முதல் வாட்டிய மூச்சுத் திணறலால் சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் கற்பிக்கும் பணியை அவர் விடவில்லை.

குருவான அதே ஆண்டில் பியெத்தா என்னும் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1346இல் தோன்றிய இல்லம் அது. அங்குள்ள பெண்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே வாசிக்கும் கருவியே பெயருடன் சேர்ந்தது. வயலின் அன்னா மரியா என்ற மாணவி ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றாள். ஆலயத்தில் கம்பித் தடுப்புக்குப் பின் நின்றே அவர்கள் இசைத்தனர். முகம் தெரியாத அந்த இசையைக் கேட்க அயல்நாட்டாரும் திரண்டனர்.

இத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பது? தேர்ச்சி பெற்ற மூத்த மாணவியர் இளையோருக்குக் கற்பிப்பது அவ்வில்லத்தின் வழக்கம். எனவே விவால்டி மூத்தோருக்கு ஊட்டிய பயிற்சி சிறுமியர் வரை சென்றது. யார் எதை வாசிக்க வல்லவர் என்றறிந்து, அவரவர் திறமைக்கேற்ப அவர் இசை அமைத்தார். 1716இல் அரங்கேறிய யூதித்து இசை நாடகத்தில் ஆண் பாத்திரங்களையும் பெண்களே பாடினர்.

அவருக்கு வந்த சோதனைகளும் சில அல்ல. ஆசிரியர் பதவி ஆண்டுதோறும் நிர்வாகிகளின் வாக்கைப் பொறுத்தது. 1709இல் 6 பேர் ஆதரித்தும் 7 பேர் எதிர்த்ததால் வேலை பறிபோனது. 1711இல் அதே நிர்வாகிகள் ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்தனர். 1723இல் செய்த ஏற்பாட்டின்படி மாதம் 2 இசைக்கோவைகள் எழுத வேண்டும். ஊரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு முறை நேரில் ஒத்திகை நடத்த வேண்டும். வெளியூரில் இருந்தால் எழுதியதை அஞ்சலில் அனுப்ப வேண்டும். பாட்டு நன்கு அமைந்தால் மட்டும் போதாது, ஒத்திகையும் முறையாக நடக்க வேண்டும் என்பதை அவ்வில்லத்தார் அறிந்திருந்தனர்.

1741 ஜூலையில் வியன்னா நகரில் வறுமையில் விவால்டி மறைந்தார். உலகமும் அவரை மறந்தது. 1926இல் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகையாகக் கிடைத்த பின்னரே அவர் புகழ் மீண்டும் ஓங்கியது.

தோழியரே, ஆண்டுவிழாவில் நம் பாடலுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குப் பின்னால் எத்தனை நாள் ஒத்திகை, எத்தனை பொறுமை! தெரிந்த மாணவி தெரியாதவளுக்குக் கைகொடுத்தால் ஆசிரியரின் சுமை பாதியாகும். முகம் காட்டாமல் இசைத்த அந்தச் சிறுமியரை நினைவிற் கொண்டு, பெயருக்காக அன்றிப் பணிக்காகவே உழைப்போமாக!