பறக்கக் கற்றுக்கொடுத்த ஸ்மித்-பேரி

செனாய் விமான நிலையத்தை நோக்கித் தாழப் பறக்கும் விமானத்தைத் தெப்ராவ் மாணவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டுபவர் எந்த நாட்டில் பயின்றிருந்தாலும், அந்தப் பயிற்சியின் அடிப்படையை வகுத்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஸ்மித்-பேரி.

1886இல் பிறந்த இவர், 1911இல் விமானம் ஓட்டக் கற்றார். 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய சில நாள்களிலேயே, பிரான்சில் இவரது விமானம் விழுந்து நொறுங்கியது. இரு கால்களும் முறிந்தன. அதன்பின் தாங்கித் தாங்கியே நடந்தார். ஆனால் பறப்பதை விடவில்லை.

1916இல் பிரான்சில் 60ஆம் விமானப் படைப்பிரிவுக்குத் தலைமையேற்றார். அங்கு வந்து சேர்ந்த இளைஞர்கள் பலருக்குச் சில மணி நேரப் பறக்கும் அனுபவமே இருந்தது. இவர்களைப் போருக்கு அனுப்புவது கொலைக்குச் சமம் என்று மேலிடத்தில் முறையிட்டார். குறை சொன்னவரிடமே பொறுப்பும் வந்தது. அவ்வாண்டு இறுதியில் இங்கிலாந்தின் கோஸ்போர்ட் பயிற்சிப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலப் பயிற்றுநர்கள் பலர், மாணவரிடம் விமானத்தின் கட்டுப்பாட்டைக் கொடுக்கவே அஞ்சினர். ஆபத்தான நிலைகளின் பக்கமே போகக்கூடாது என்று எச்சரிப்பதோடு நிறுத்திக்கொண்டனர். பயிற்சியிலேயே உயிரிழந்தோர் ஏராளம்.

ஸ்மித்-பேரி இதைத் தலைகீழாக மாற்றினார். இருவரும் இயக்கக்கூடிய ஆவ்ரோ 504 விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். தனியே பறக்கும்போது எந்த இருக்கையில் அமர வேண்டுமோ, அதிலேயே மாணவரை முதலிலிருந்து அமர்த்தினார். பயிற்றுநர் ஒரு குழாய் வழியே பேசி வழிநடத்தினார். போதிய உயரத்தில் விமானத்தை வேண்டுமென்றே சுழலவிட்டு, மாணவரையே மீட்கச் செய்தார்கள். வேகம் குறைந்து, ஒரு பக்க இறக்கை மறுபக்கத்தைவிட அதிகமாகத் தூக்குவிசையை இழப்பதால்தான் சுழற்சி ஏற்படுகிறது. சுழலும் திசைக்கு எதிரே சுக்கானை மிதித்து, கைப்பிடியை முன்னே தள்ளி, சுழற்சி நின்றபின் மெல்ல நிமிர்த்த வேண்டும். காரணம் புரிந்ததும் பயம் விலகியது.

1917இல் கோஸ்போர்ட்டில் தோன்றிய சிறப்புப் பறப்புப் பள்ளியில் பயிற்றுநர்களுக்கே பயிற்சி தரப்பட்டது. ஒருவர் நன்றாக ஓட்டுவதால் மட்டும் நன்றாகக் கற்பித்துவிட முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த முறை பிற நாடுகளுக்கும் பரவியது. 1949இல் தென்னாப்பிரிக்காவில் அவர் காலமானார்.

மாணவர்களே, கணக்கில் எந்தப் படியில் தவறுகிறீர்களோ, அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆசிரியர் அருகில் இருக்கும்போதே அந்த இடத்தில் தடுமாறி எழுங்கள். தேர்வு மண்டபத்தில் நீங்கள் தனியாகத்தான் பறக்க வேண்டும்.