கனவிலும் கணக்குப் போட்ட மேதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கனவு காணாத மனிதர் எவருமில்லர். குடிசையில் பாய் விரித்துப் படுப்பவரும் காண்கிறார். மாளிகையில் மெத்தைமேல் படுப்பவரும் காண்கிறார். விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்பார்கள் நம் பாட்டிமார்கள். பாம்பைக் கண்டால் ஒரு பலன், பல் விழுந்தால் ஒரு பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே போட்டிருப்பார்கள். ஆனால், கனவில் கணிதச் சூத்திரம் வந்தால் என்ன பலன்? எந்தப் பஞ்சாங்கத்திலும் காணப்படாத அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இளமையும் வறுமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடியவர். அக்குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். எந்தச் செயலையும் அத்தாயாரின் பெயரைச் சொல்லியே தொடங்கும் வீடு அது.

1903ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இராமானுஜன் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகளைக் கொண்ட அந்நூலில் முழுமையான நிரூபணங்கள் இல்லை. அந்தக் குறையே அவருக்கு வரமாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவத் தொடங்கினார். அதன்பின் அவருக்கு வேறெதிலும் நாட்டமில்லை. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தவறி அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்று பார்த்தார். எஃப்.ஏ. தேர்வில் அவர் தேர்ச்சி பெறவேயில்லை. ஆங்கிலத் தாள் என்றாலே அஞ்சும் நம்மில் பலர் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்காரலாம்!

சிலேட்டும் கனவும்

1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். வேலை தேடி அலைந்தார். நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவு வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து நெடுநேரம் கணக்கிடுவார்கள். காகிதம் வாங்கக் காசில்லாத காரணத்தால் இராமானுஜன் சிலேட்டில் எழுதுவார்; முழங்கையால் அழிப்பார்; முடிவை மட்டும் நோட்டில் குறிப்பார். சில இரவுகளில் உறக்கத்திலிருந்து எழுந்து, அரிக்கேன் விளக்கொளியில் எதையோ எழுதிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வாராம். கேட்டால், கனவில் வந்தது என்பாராம்.

அவர் விவரித்த கனவுகளுள் ஒன்று புகழ்பெற்றது. வழியும் குருதியால் ஆகிய ஒரு செந்திரை. அதன்மேல் ஒரு கை தோன்றி எழுதத் தொடங்குகிறது. எழுதப்படுவன நீள்வட்டத் தொகையீடுகள். விழித்தவுடன் அவற்றை எழுதி வைத்துக்கொண்டார். குருதித் துளியை நாமகிரித் தாயாரின் நாயகரான நரசிம்மரின் அடையாளமாகவே அவர் கருதினார்.

தாயின் கனவு

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. அழைப்பும் வந்தது. ஆனால், கடல் கடந்தால் சாதியை விட்டு விலக்கும் காலம் அது. தாயார் இசையவில்லை. பின்பு ஒரு நாள் அத்தாயாரே ஒரு கனவு கண்டார். பெரியதோர் மண்டபத்தில் வெள்ளையர் நடுவே தம் மகன் அமர்ந்திருக்கிறான். மகனின் வழியில் குறுக்கே நில்லாதே என்று நாமகிரித் தாயார் ஆணையிடுகிறாள். தடை நீங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. மகன் போகவேண்டும் என்ற ஆசையும், போய்விடுவானோ என்ற அச்சமும் அந்தத் தாயுள்ளத்தில் எத்தனை நாள் போரிட்டனவோ! பகலில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சம்மதம் இரவில் கனவாக வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கனவு எதைக் காட்டுகிறது?

கனவை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் பிராய்டு 1899 இறுதியில் வெளிவந்த தம் நூலில், பகலின் எச்சங்களே கனவுக்கு மூலப்பொருள் ஆகின்றன என்று காட்டினார். 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், உறக்கத்தில் கண்மணிகள் விரைந்தசையும் நேரங்களில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்வதைக் கண்டறிந்தனர். உறங்கும்போதும் மூளை உழைக்கிறது என்பது இன்று ஐயமற்ற செய்தி.

இதற்கு வியன்னா வரை போகவும் வேண்டாம். நம் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் வீடுதோறும் சாட்சி உண்டு. பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டிய என் தாயாரின் விரல்கள் தூக்கத்திலும் தாளை மடிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மருந்துடன் பழகுவோர் தீப்பிடித்ததாகக் கனவு கண்டு அலறி எழுவதும் இங்கே புதிதன்று. பகலில் வெளிக்காட்டாத அச்சம் இரவில் வெளியே வருகிறது. கை எதில் பழகுகிறதோ, மனம் எதில் தோய்கிறதோ, அதுவே கனவாகிறது.

அப்படியானால் இராமானுஜனின் கனவில் சூத்திரம் வந்ததில் வியப்பென்ன? ஆண்டுக்கணக்காக விழித்திருந்து சிலேட்டைத் தேய்த்தவருக்கே அது வந்தது. அதே நாமகிரித் தாயாரை வணங்கிய ஆயிரமாயிரம் பேருக்கு நீள்வட்டத் தொகையீடு கனவில் வரவில்லை. இதைச் சொல்வது அவரது பக்தியைக் குறைப்பதாகாது. தெய்வம் தந்தது என்று அவர் மனமார நம்பினார். நாமோ அந்தக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரது உழைப்பை மறந்துவிடுகிறோம். அவருக்குத் தெய்வம் கொடுத்தது, நமக்கு வராது என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

விழித்தபின் செய்ய வேண்டிய வேலை

கனவோ, உள்ளுணர்வோ, எவ்வழி வந்தாலும் நிரூபணம் வேண்டும். பகா எண்களின் எண்ணிக்கை குறித்து இராமானுஜன் அனுப்பிய முடிவு பிழையென்று ஹார்டி காட்டினார். அதே இருவரும் கூடி உழைத்தபோது 1918இல் எண் பிரிவினைச் சூத்திரம் பிறந்தது. 4 என்னும் எண்ணைக் கூட்டுத்தொகையாக 5 விதங்களில் பிரிக்கலாம். 200ஐ எத்தனை விதங்களில் பிரிக்கலாம்? மக்மகான் என்னும் அறிஞர் கையாலேயே கணக்கிட்டுச் சொன்ன விடை 3,972,999,029,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே அந்த எண்ணுக்கு மயிரிழை அருகில் வந்து நின்றது! கண்டது இராமானுஜனின் உள்ளம்; உறுதி செய்தது விழித்திருந்த இருவரின் உழைப்பு.

அவ்வாண்டே அவர் எஃப்.ஆர்.எஸ். ஆனார், டிரினிடி கல்லூரியின் முதல் இந்திய ஆய்வுறுப்பினரும் ஆனார். ஆனால் நோய் அவரை விடவில்லை. 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை, வலியோடு படுக்கையில் கணக்கிட்டுக்கொண்டே இருந்தார். அந்த இறுதிக் காலத்துத் தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் பேராசிரியரின் கண்ணில் பட்டன. அவற்றிலிருந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகளை நிறுவக் கணித உலகுக்குப் பல்லாண்டுகள் ஆயின.

நண்பர்களே! நேற்றிரவு என்ன கனவு கண்டோம் என்று நினைத்துப் பார்ப்போம். அது வரப்போகும் நாளின் பலனைச் சொல்லாது. கழிந்த பகலை எதில் செலவிட்டோம் என்பதைச் சொல்லும். கனவில் நல்லது வர வேண்டுமானால், முதலில் பகலில் நல்லது நிகழ வேண்டும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நம் போன்றோருக்கு இராமானுஜனின் சிலேட்டு சொல்லும் பாடம் இதுவே.